மூணு மாச ராஜாவின் முகம்

நான் ரோமானியக் காசு சேர்க்கிறவன் என்று தெரிந்ததும் கடலூரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, அது இங்கே செல்லுமா என்பது. இரண்டாவது, சிலை கடத்துகிறவர்களோடு ஏதாவது பழக்கம் உண்டா என்பது. இரண்டுக்கும் இல்லை என்றால், பிறகு எதற்கு என்று கேட்டுவிட்டு டீயை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கிரிக்கெட் பார்க்கிறவனை யாரும் எதற்கு என்று கேட்பதில்லையே என்று மனதுக்குள் சண்டை போடுவேன். இப்போது யாராவது கேட்டால் கோபம் வருவதில்லை. எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை.

ஆரம்பித்தது 2004இல். அப்போது எனக்கு சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போனேன். ஆசையோடு வந்த அவர் வெறுங்கையோடு திரும்பினார்; துணைக்குப் போன நான் மாட்டிக்கொண்டேன். ஒரு மேசையில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. அதில் கொழுகொழுவென்று ஒரு முகம், தலையில் வரிவரியாகச் சீவி ஒட்டவைத்தது மாதிரி முடி. அது சொந்த முடியில்லை, டோப்பா என்றார் விற்றவர். வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு, அதோடேயே காசிலும் முகம் காட்டிய சக்கரவர்த்தி. எத்தனை வருடம் ஆண்டான் என்று கேட்டேன். மூன்று மாதமும் சில்லறை நாளும் என்றார்.

எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போனது. மற்றவர்கள் தேடுவதெல்லாம் நாற்பது வருடம் ஆண்டவன், நாடு நாடாகப் பிடித்தவன், தூண் எழுப்பியவன். எனக்கு எங்கள் கம்பெனி மேலாளர்களையே பிடிக்காது, இவர்களை எங்கே பிடிக்கப்போகிறது. இவன் ஒன்றும் யோக்கியன் இல்லை. முன்னால் இருந்தவனைக் கொல்ல வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தான். அடுத்தவன் படையோடு வந்து, ஒரு பெரிய சண்டையில் தன் ஆட்கள் தோற்றதும், எனக்காக இன்னும் யாரும் சாக வேண்டாம் என்று சொல்லித் தன்னையே குத்திக்கொண்டு செத்தான். இருந்த கொஞ்ச நாளில் அவசர அவசரமாகக் காசு அடித்திருக்கிறான். பின்பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். அவள் பெயர் பாதுகாப்பு. மக்களின் பாதுகாப்பு என்று அவளைச் சுற்றி எழுதியிருக்கும். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதில் வேறு யார் பெயரும் வரப்போவதில்லை, அவனுக்கு மட்டும் எதற்குத் தனிச் சலுகை. எங்கள் வீட்டில் அவன் மூணு மாச ராஜா.

அந்தப் பெயரை வைத்தவள் என் மனைவி. அவள் சிதம்பரத்துக்காரி; கடலூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். திருப்பாப்புலியூரில் ரயில் சத்தம் கேட்கிற தெருவில் வாடகைக்கு இருந்தோம். மூன்று மாதம் குப்பை கொட்டியவனுக்கு இவ்வளவு மரியாதையா, எங்கள் ஆபீசில் டெம்ப்ரவரியாக வந்தவர்களே ஆறு மாதம் இருக்கிறார்களே என்று கேலி செய்வாள். காசை வெறும் கையால் தொடாதே, சபீனாப் பொடி போட்டுத் தேய்த்துவிடாதே என்று நான் மிரட்டினால், உங்கள் ராஜாவுக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டாலும் ஆச்சரியமில்லை என்பாள். அவளுக்கு அந்தக் காலத்தில் எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

மதிய இடைவேளையில் பரிசோதனைக் கூடத்து மின்தராசில் காசை வைத்து எடை பார்ப்பேன். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை எனக்கு மனப்பாடம். கூட வேலை பார்த்தவர்கள் எனக்குச் செல்லாக்காசு என்று பட்டம் கட்டினார்கள். அடுத்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி டிஜிட்டல் கேமரா வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் டிஜிட்டல் கேமரா. ஊட்டிக்குப் போகலாமா என்று மனைவி கேட்டாள். இது காசைப் படம் எடுக்க என்றேன்.

படம் எடுத்து அனுப்ப எனக்கு இணையத்தில் ஓர் ஆள் கிடைத்திருந்தார். வெளிநாட்டில், குளிர் அதிகமான ஏதோ ஒரு ஊரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். உலகத்தில் யாரிடம் மூணு மாச ராஜாவின் காசு இருந்தாலும் அதன் படத்தை வாங்கி, எந்த அச்சில் அடித்தது என்று பிரித்து அடுக்கி வைப்பதுதான் அவருக்குப் பொழுது. நான் கடிதத்தை மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து நலம் விசாரித்து முடிப்பதற்குள் பாதிப் பக்கம் போய்விடும். அவர் முதல் வரியிலேயே காசுக்குள் இறங்கிவிடுவார்.

அவருக்கு அனுப்புகிற படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கணினியில் காசின் விளிம்போடு ஒட்டி வெட்டி எடுப்பேன். விரல், துணி, மேசை எதுவும் தெரியக் கூடாது. வெட்டியதைச் சிடியில் ஏற்றிவிட்டு மூலப்படத்தை அழித்துவிடுவேன். கேமராவில் இருந்த மெமரி அட்டையில் அவ்வளவுதான் இடம்.

2006 ஆவணியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன்னால் ஒன்று நாலாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் இந்தமுறை என் மனைவி எல்லாவற்றுக்கும் பயந்தாள். வளைகாப்புக்கு போட்டோகிராபர் வேண்டாம் என்றாள். உண்டாகியிருப்பதை ஆபீசில் ஐந்து மாதம் வரை சொல்லவில்லை. பிரசவம் சிதம்பரத்தில், அவள் தாய்வீட்டில். ஐந்தாம் மாதம் பிள்ளையைக் கடலூருக்கு அழைத்து வருவது என்று பேசி முடித்திருந்தோம்.

பிறந்த மறுநாள் நான் பையிலிருந்து கேமராவை எடுத்ததும் அவள் படுத்திருந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தடுத்தாள்.

"வாணாங்க. போட்டோ எடுக்காதீங்க. ஒரு வயசு ஆவட்டும். வைத்தீஸ்வரன்கோயில்ல மொட்ட போட்டு, காது குத்தி முடிச்சப்பறம் எவ்ளோ வேணும்னாலும் எடுங்க. அப்ப நான் தடுக்கல."

பச்சைப்பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் வீட்டிலும் சொல்கிறதுதான். நான் ரசாயனம் படித்தவன். வாதாடியிருக்கலாம். கலைந்துபோனதை நினைத்து, ஒரு வருடம்தானே, அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று கேமராவை உள்ளே வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி நான் உடனே கேட்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலையிலேயே பஸ் ஏறிவிடுவேன். பத்து மணிக்குள் சிதம்பரம். நான் போகும்போது பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்துச் சாம்பிராணி காட்டி முடித்திருப்பார்கள். கன்னத்தில் மையால் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு. ஒருமுறை தடுப்பூசி போட்ட இடத்தில் பிறந்த எடை என்ன என்று கேட்டார்கள். நான் ரெண்டே முக்காலோ என்னவோ என்று இழுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி கிராம் வரைக்கும் சொன்னாள். வெளியே வந்ததும், ராஜா எடை கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பீர்கள் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் கேமராவையும் காசையும் கூடவே எடுத்துப் போனேன். எங்கள் வாடகை வீடு பகலிலேயே இருட்டு. சிதம்பரத்து வீட்டின் பின்னறையில் வடக்கே பார்த்த ஜன்னல். வெயில் நேரே விழாமல், நிழலும் அடிக்காமல் ஒரு வெளிச்சம் வரும். காசைப் படம் எடுக்க அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்ததில்லை. பிள்ளை தூங்குவதும் அந்த அறையில்தான். பிள்ளையைப் பார்க்க வந்தீர்களா, ராஜாவைப் பார்க்க வந்தீர்களா என்று மனைவி கேட்பாள். இரண்டு பேரையும்தான் என்பேன். அது வேடிக்கைக்குச் சொன்ன பதில். இப்போது யோசித்தால் உண்மையும் அதுதான்.

ஐப்பசியில் புதுச்சேரியில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் மூணு மாச ராஜாவின் இன்னொரு வெள்ளிக்காசு கிடைத்தது. முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அச்சில் அடித்த அசலா, பின்னாளில் யாரோ வார்த்துவிட்ட போலியா என்று தபால்காரருக்கு எழுதினேன். விளிம்பைப் பார்க்காமல் சொல்ல முடியாது, காசைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு என்றார். அடுத்த ஞாயிறே எடுத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் தம்பி சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அங்கேயே போய் எடுத்தது எடுத்தபடி அனுப்பிவிட்டு, அட்டையில் இருந்ததை வழக்கம்போல அழித்துவிட்டுக் கடலூர் திரும்பினேன். அசலா போலியா, அசலா போலியா என்று அந்த வாரமெல்லாம் அதே நினைப்பு.

பதில் வருவதற்கு முன்னால் மச்சானின் போன் வந்தது. தொழிற்சாலை வாசலில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"மாமா, பாப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். நீங்க ஒடனே வந்துடுங்க."

நான் போனபோது முகத்தின் மேல் குழாய் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். யார் மேலும் எனக்குக் குறை இல்லை. மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

நல்ல மழை. மச்சான் குடை பிடிக்க, நான் கையில் தூக்கிக்கொண்டு போனேன். பல் முளைக்காத பிள்ளைக்கு எங்களில் கொள்ளி கிடையாது, புதைப்பதுதான். காரியம் கிடையாது, திதி கிடையாது. பெரியவர்கள் செத்தால் படத்தைப் பெரிது பண்ணி மாலை போட்டு மாட்டுவோம், வருடத்தில் ஒரு நாள் அதன் முன்னால் இலை போட்டுப் படைப்போம். இவளுக்கு நாளும் இல்லை, மாட்டப் படமும் இல்லை. குழியை மூடியதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் அழ வேண்டும் என்று. எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார், அப்போதுதான் உடைந்தேன்.

மனைவி கடலூருக்கு வர ஐந்து மாதம் ஆனது. வந்து, வேலைக்குப் போய், சமைத்து, எல்லாம் செய்தாள். ஒருநாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த கேமராவுல ஒண்ணாவது இருக்குமா? தெரியாம, கை பட்டு, எதுனா?"

பார்க்கிறேன் என்றேன். நான்கு சிடி. ஒவ்வொரு படமாகத் திறந்தேன். ராஜா இடது பக்கம் பார்த்தபடி, வலது பக்கம் பார்த்தபடி, பெரிதாக, இன்னும் பெரிதாக. சுற்றிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் தெரியாமல் வெட்டியது நான்தான், எவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மின்னஞ்சலைத் திறக்கப் போனால் அதுவும் போயிருந்தது. நாலு மாதம் திறக்காமல் இருந்தால் எல்லாவற்றையும் துடைத்துவிடும் கணக்கு அது. பிள்ளை போனபிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"நான்தான் வாணாம்னு சொன்னேன். சரி. எதுலயுமே என் பேச்ச கேக்காத ஆளு, இத மட்டும் ஏங்க கேட்டீங்க?"

அப்போது அவள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது. நீ சொன்னாய், நான் கேட்டேன், இப்போது நான் குற்றவாளியா என்று நினைத்தேன். வெளியே சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

முகம் மறப்பது இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலில் நிறம் போனது, அப்புறம் மூக்கு. பஸ்ஸில் யார் மடியிலாவது குழந்தை இருந்தால் மனைவி என்னை இடிப்பாள்: நெற்றி இந்த மாதிரிதானே? நான் ஆமாம் என்பேன். கொஞ்ச தூரம் போனதும் இல்லை, இன்னும் அகலம் என்பாள். ஒருநாள் பிள்ளைக்குக் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்ததா, விட்டுத் தொங்கியதா என்று பெரிய சண்டை. ஒட்டித்தான் இருந்தது என்று நான். நீங்கள் மொத்தம் பன்னிரண்டு நாள் பார்த்தவர், உங்களுக்கு என்ன தெரியும் என்று அவள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டினியை வைத்துவிட்டு, எனக்கும் சரியா ஞாபகம் இல்லைங்க என்றாள். அதற்குச் சண்டையே தேவலை.

இன்னொரு நாள் என் காசு ஆல்பம் மேசையில் கிடந்தது. அவள் அதைத் திறந்து, ராஜாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவனும் மூணு மாசம் இருந்தவன்தான். மூக்கு இப்புடி, டோப்பா அப்புடின்னு உலகம் பூரா தேடி வச்சிருக்காங்க. எம் பொண்ணு மூக்கு எப்புடின்னு பெத்தவ எனக்கே மறந்துகிட்டு வருது."

அன்றோடு காசு சேர்ப்பதை விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். பொய். 2008இல் இன்னொன்று வாங்கினேன். பரிசோதனைக் கூடத்து மேசை இழுப்பறையில், பழைய அறிக்கைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். மதியம் சாப்பிட்டதும் எடுத்துப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டாலும் அவன் தாடையின் மடிப்பு எனக்குத் தெரியும். என் பெண்ணை நினைத்துக் கண்ணை மூடினால் ஒரு மைப்பொட்டு மட்டும் வரும், அதைச் சுற்றி ஒன்றும் வராது. தெரிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எங்களுக்கு அதற்கப்புறம் பிள்ளை இல்லை.

2011 முடிகிற நேரத்தில் தானே புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி பறந்து அடுத்த தெருவில் கிடந்தது. அலமாரி முழுக்கத் தண்ணீர். சிடி எல்லாம் தோல் உரிந்துவிட்டது, ஆல்பத்தின் அட்டைகள் கூழாகிவிட்டன. காசுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்ததற்கு எங்கள் அலமாரித் தண்ணீர் எம்மாத்திரம். மனைவிதான் அவற்றைப் பொறுக்கி, முந்தானையால் ஒற்றி, ஜன்னலில் வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டு, இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்கு இவன் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை என்றாள். மறுநாள் இழுப்பறையில் இருந்ததையும் எடுத்துவந்து அவள் எதிரிலேயே வரிசையில் வைத்தேன்.

ஊருக்குக் கரண்ட் வந்து எல்லாம் ஓரளவு சீரானபிறகு, பழைய டைரியில் தபால்காரரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி எடுத்து, தொழிற்சாலைக் கணினியிலிருந்து எழுதினேன். காசுகளை விட்டுவிடுகிறேன், வைத்துக் காப்பாற்றுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டாம் நாளே பதில் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாயா என்று சந்தோஷப்பட்டிருந்தார். புதுச்சேரிக் காசு அசல்தான், அச்சில் அடித்ததுதான், ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதினேனே, நீ பதிலே போடவில்லை என்று குறைப்பட்டிருந்தார். தன்னுடைய பட்டியலில் அது எத்தனையாவது காசு என்ற எண்ணைக் கொடுத்து, நான் அன்று அனுப்பிய படத்தையும் கூடவே இணைத்திருந்தார். கடைசியில் ஒரு வரி இருந்தது. படத்தில் பின்னால் படுத்திருக்கிற குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இங்கிலீஷ் மறந்துபோன மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். அவரிடம் அந்தப் படம் இருக்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. பிறகு படத்தைத் திறந்தேன்.

திரை முழுக்க என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், நடுவில் சாய்ந்த காசு. கிட்டத்தில் இருப்பதை எடுக்க அந்தக் கேமராவில் பூப்படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எதிரில் இருக்கிறது ஊசி முனை வரை துலங்கும், தள்ளி இருக்கிறதெல்லாம் கரைந்துவிடும். ராஜாவின் டோப்பாவில் ஒவ்வொரு வரியும் எண்ணலாம். விளிம்பில் இருந்த சின்ன வெடிப்பு தெரிந்தது. காசுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, மஞ்சளாக ஒரு கலங்கல், அதற்கு மேல் மாநிறத்தில் ஒரு கலங்கல், அதில் கறுப்பாக ஒரு புள்ளி. திருஷ்டிப் பொட்டு. அதை வைத்துத்தான் அது கன்னம் என்று கண்டுபிடித்தேன். முகத்தின் மறுபாதியைக் காசு மறைத்திருந்தது.

நான்கு நாள் அவளிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு படம், அதுவும் இப்படி. அதைவிட, அந்தப் படம் என்னைக் காட்டிக்கொடுத்தது. பிள்ளை எவ்வளவு கிட்டத்தில் இருந்தாள், நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அதில் அப்பட்டமாக இருந்தது. காட்டாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஐந்தாம் நாள் காகிதத்தில் அச்செடுத்து, மடிக்காமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, அவள் கையில் கொடுத்தேன்.

முதலில் காசைப் பார்த்துவிட்டு எதற்கு இது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பின்னால் பார் என்றேன். அதற்குப் பிறகு அவள் தலையை நிமிர்த்த ரொம்ப நேரமானது.

"இந்த மஞ்ச சட்ட என் தம்பி வாங்கியாந்தது. ஒரே ஒரு தடவதான் போட்டோம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கொட்டாவி விடுறா" என்றாள்.

எனக்கு எந்தக் கொட்டாவியும் தெரியவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம் அடர்த்தியான நிறம். ஆமாம், கொட்டாவிதான் என்றேன். அவள் விரலை அங்கிருந்து நகர்த்திக் காசின் மேல் வைத்தாள். காசுக்கும் பிள்ளைக்கும் நடுவே விரலால் அளந்தாள்.

"இம்மாங்கிட்ட இருந்திருக்கா. நீங்க இவனத்தான் பாத்துகிட்டு இருந்தீங்க."

ஆமாம் என்றேன். அவள் அழுதாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். ஐந்து வருடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக அழுதது அதுதான் முதல்முறை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் லாரன்ஸ் ரோடு பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். கணினியில் எதையும் தெளிவாக்கிவிடலாம் என்று அவள் ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன வேண்டும் என்று விவரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பென்டிரைவை நீட்டி, பெரிது பண்ண வேண்டும், கொஞ்சம் தெளிவாக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் நடுத்தர வயது, மரியாதையான மனிதர். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுப் படத்தைத் திறந்தார். அவருக்கு நன்றாக எடுத்த படம் என்று தெரிந்துவிட்டது.

"காசு சூப்பரா வந்துருக்கு சார், ஒவ்வொரு முடியும் தெரியுது. பின்னாடி இருக்கிற கலங்கல எடுத்துட்டு வெள்ள போட்டுடவா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காச எடுத்துடுங்க" என்றாள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அப்போதுதான் பின்னால் இருப்பது குழந்தை என்று அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, காசைச் சுற்றியிருந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார். அப்புறம் அவளிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

"எடுக்கலாம்மா. ஆனா கொழந்த மொகத்துல ஒரு பக்கம் காசுக்குப் பின்னாடி மறஞ்சிருக்கு. காச எடுத்தா அந்த எடம் காலியாத்தான் நிக்கும். பாப்பாவோட வேற போட்டோ எதுனா வீட்டுல இருந்தா கொண்டாங்க, அதுலேர்ந்து எடுத்து இதுல சேத்து, பழுது தெரியாம பண்ணிக் குடுத்துடுறேன்."

"வேற இல்லைங்க" என்றாள் அவள். "காலியாவே இருக்கட்டும்."